காதுக்கருவி அணிந்த நான்கு வயது மகளை வெளியே அழைத்துச் செல்வது: வடசென்னைப் பெற்றோரின் அனுபவம் தேவை

தண்டையார்பேட்டைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு நான்கு வயது முடிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்தே இரண்டு காதுகளிலும் கேட்புத்திறன் மிகக் குறைவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வலது காதுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி; அதன் வெளிப்பகுதி காந்தத்தால் தலையில் ஒட்டியிருக்கும்) பொருத்தப்பட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. இடது காதில் வழக்கமான காதுக்கருவி அணிகிறாள். பேச்சுப் பயிற்சிக்குத் தவறாமல் செல்கிறோம். "அப்பா வண்டி", "பால் வேணாம்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

வீடு, பயிற்சி மையம், மறுபடியும் வீடு என்பதற்கு அப்பால் எங்கள் குழந்தை எதையும் பார்ப்பதில்லை என்பதுதான் இப்போது என் கவலை. கடற்கரை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அவள் கடலைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கோயில் திருவிழா, உறவினர் திருமணம், பூங்கா என எதற்குப் புறப்பட்டாலும் வீட்டில் ஒரு தடை எழுகிறது. என் மாமியார் பாசத்தில்தான் தடுக்கிறார்: உப்புக் காற்றில் கருவி கெட்டுவிடும், கூட்டத்தில் தொலைந்துவிட்டால் கூப்பிட்டாலும் கேட்காது, பார்ப்பவர்கள் எல்லாம் தலையில் என்ன என்று கேட்டுக் குழந்தையை வாட வைப்பார்கள் என்கிறார். என் கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்தால் முன்பக்கத்தை ஒட்டி நிற்கும் சிறு பிள்ளை கண்ணுக்கே தெரியாது என்பதால், ஆரன் சத்தத்துக்கு விலகத் தெரியாத குழந்தையை எங்கள் சாலைகளில் நடத்திச் செல்ல அவருக்கு மனம் வரவில்லை. நன்றாகப் பேச வந்த பிறகு எல்லா இடத்துக்கும் போகலாம் என்கிறார்.

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் பார்க்காத ஒன்றின் பெயரை இவள் எப்படிச் சொல்வாள் என்ற கேள்வி என்னை விடுவதில்லை. படத்தைக் காட்டி "அலை" என்று சொல்லிக்கொடுக்கிறேன். அவள் அந்தத் தாளைத் தடவிப் பார்க்கிறாள். இதே நிலையில் உள்ள பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்பவர்கள், எங்கே போகிறீர்கள், கருவியை எப்படிக் காக்கிறீர்கள், சாலையில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.

காசிமேட்டு அப்பா

சகோதரி, என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்கும் ஒரு பக்கம் இம்பிளான்ட்தான். நாங்கள் கடலை ஒட்டியே வாழ்வதால் கடலுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆகவே கருவியைப் பற்றிய உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

உப்புக் காற்று உடனே கருவியைக் கெடுத்துவிடாது. ஈரமும் வியர்வையும் உள்ளே தங்கிவிடுவதுதான் கெடுதல். வீடு திரும்பியதும் மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, கருவியோடு வந்த உலர்த்தும் பெட்டியில் இரவு முழுவதும் வைத்துவிடுகிறோம். அந்தப் பெட்டி பழுதானபோது மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்புடத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுச் சமாளித்தோம். மணலில் விளையாடும்போது கை கால் கழுவித் துடைக்காமல் கருவியைத் தொட விடுவதில்லை. ஒலிவாங்கியின் சிறு துளையில் மணல் புகுந்தால் செலவு வைத்துவிடும்.

தண்ணீரைப் பொறுத்தவரை நாங்கள் கண்டிப்பானவர்கள். துறைமுகம் கட்டப்பட்ட பின், தெற்கிலிருந்து வரும் மணலை அதன் சுவர்கள் தடுப்பதால் மெரினா அகன்றது, நம் பக்கக் கரை அரிக்கப்பட்டது. அதனால்தான் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பெரும்பாலும் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் வழுக்கும், இடுக்குகள் ஆழமானவை. அங்கே எந்தப் பிள்ளையையும் இறங்க விடக் கூடாது. காலை நனைக்க வேண்டுமானால் மணல் உள்ள இடத்துக்குப் போய், கருவியைக் கழற்றி, ஒருவர் கையைப் பிடித்தபடியே நிற்க வேண்டும். கழற்றிய கணத்திலிருந்து பிள்ளைக்கு எதுவும் கேட்காது என்பதை உடன் வரும் உறவினர்கள் மறந்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து கூவிக்கொண்டே இருப்பார்கள். எனவே கழற்றுவதற்கு முன்பே மகனோடு நான்கு கை அடையாளங்களைப் பேசி வைத்திருக்கிறோம்: நில், வா, என்னைப் பார், கருவி போடலாம்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலக் கூட்டம் குறைந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் அழைத்துப் போகிறேன். அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மீனைக் கையில் எடுத்து, என் முகத்தருகே பிடித்துக்கொண்டு பெயர் சொல்வேன். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, காரப்பொடி எல்லாம் அப்படித்தான் வந்தன. "சங்கரா"வில் முதல் எழுத்தை விட்டுவிட்டு "அங்கரா" என்றே நெடுநாள் சொன்னான். மீன் விற்கும் அம்மா ஒருவர் அவன் சரியாகச் சொல்லும் வரை மீனைத் தராமல் சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்பார். இப்போது அவனே அவரிடம் போய் விலை கேட்கிறான்.

கேட்புப் பயிற்றுநர்

செவித்திறன் குறையுடைய குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையம் ஒன்றில் பணிபுரிகிறேன். நண்பர் சொன்ன "ச" ஒலியிலிருந்து தொடங்குகிறேன். அது அதிர்வெண் உயர்ந்த, ஓசை மெலிந்த ஒலி. இரைச்சலிலும் தொலைவிலும் முதலில் மறைவது அதுதான். திறந்த வெளியில் பேசுபவருக்கும் குழந்தைக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறைகிறது. 1 மீட்டரில் தெளிவாகக் கேட்ட சொல், 4 மீட்டர் தள்ளிப் போனதும் 12 டெசிபல் மெலிந்து, சாலை இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். ஆகவே வெளியிடங்களில் உரக்கக் கத்துவதைவிட அருகில் செல்வதே பயன் தரும். கத்தும்போது உயிரெழுத்துகள் மட்டுமே பெருகுகின்றன, மெய்யொலிகள் சிதைந்துபோகின்றன, முகமும் கோபமாகத் தோன்றுகிறது.

வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை பேச்சு பரவியிருக்கும் எல்லை முழுவதையும் இவை தொட்டுச் செல்கின்றன. வாயைக் காட்டாமல், பக்கவாட்டிலோ பின்னாலோ இருந்து சொல்ல வேண்டும். குழந்தை திருப்பிச் சொல்லலாம், கை தூக்கலாம், ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடலாம். நேற்று கேட்ட "ஸ்" இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, காயில் (தலையில் காந்தத்தால் ஒட்டும் வட்டப் பகுதி), மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) ஆகியவற்றில் ஏதோ குறை என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். பாதி வழியில், குழந்தை ஏன் அழுகிறாள் என்று புரியாமல் தவிக்க வேண்டியதில்லை.

கடற்கரையில் குழந்தைகள் கருவியைப் பிடுங்கி எறிவதற்குப் பெரும்பாலும் காற்றே காரணம். ஒலிவாங்கியின் மேல் நேராகக் காற்று மோதும்போது பேரிரைச்சலாகக் கேட்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வையுங்கள், அல்லது மெல்லிய பருத்தித் துணியைக் காதின் மேல் வருமாறு தளர்வாகக் கட்டுங்கள். பேருந்திலும் ஆட்டோவிலும் அவளுக்கு நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்குமாறு அமருங்கள்.

பிளாஸ்டிக் சறுக்குமரங்களில் உருவாகும் நிலைமின்சாரம் கருவியின் நிரலைக் குலைக்கக்கூடும் என்பதால், சறுக்குவதற்கு முன் இம்பிளான்ட்டின் வெளிக்கருவியைக் கழற்றிவிடச் சொல்வோம். நம் ஊரின் ஈரக் காற்றில் இந்த ஆபத்து குறைவுதான். வணிக வளாகங்களில் குளிரூட்டப்பட்ட விளையாட்டுக் கூடங்களில் காற்று உலர்ந்திருப்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். மெட்ரோ நிலையத்தின் சோதனை வாயில் ஒலி எழுப்பினால் இம்பிளான்ட் அடையாள அட்டையைக் காட்டிவிடலாம். விளையாடும்போது இம்பிளான்ட் உள்ள இடத்தில் அடிபட்டு வீங்கினால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மாற்று பேட்டரியைக் கைப்பையில் வைத்திருப்பீர்கள். அந்தச் சிறு வில்லையைக் குழந்தை விழுங்கிவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. பழைய பேட்டரியையும் மணலில் எறியாமல் மூடிய டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

திருவொற்றியூர்த் தாத்தா

எல்லோரும் கருவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் சாலையைப் பற்றி எழுதுகிறேன். என் பேரனுக்கு ஆறு வயது. இரண்டு காதுகளிலும் கருவி. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகளின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரண்டு லாரிகளுக்கு இடையில் இருந்து ஒரு மோட்டார் சைக்கிள் எப்போது பாயும் என்று காது நன்றாகக் கேட்கும் எனக்கே தெரிவதில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மூடிய தடுப்புக்குக் கீழே குனிந்து பெரியவர்களே போகிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

கருவி இருந்தால் ஆரன் கேட்குமே என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. என் பேரன் சத்தம் கேட்டதும் நின்ற இடத்திலேயே நான்கு பக்கமும் திரும்பிப் பார்ப்பான். அந்த நேரம் போதும், விபரீதம் நடப்பதற்கு. லாரி ஓட்டும் அந்தத் தம்பி தொழிலில் கண்டதைச் சொல்கிறார். அவர் அச்சத்தைத் தேவையற்றது என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். சாலையோரமாக நடக்க வைக்கும் எந்தப் பயணத்தையும், பிள்ளை சொன்னதைப் புரிந்து நடக்கும் வயது வரும் வரை தள்ளிப்போடுவதே சரி என்பது என் கருத்து.

கேட்புப் பயிற்றுநர்

ஐயா சொல்வது முழுக்கச் சரி. ஒலி இரு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இம்பிளான்ட் உள்ள குழந்தைக்கு அந்தக் கணிப்பு மிகக் கடினம். இரு பக்கமும் கருவி இருந்தாலும் பிறர் அளவுக்கு வராது. ஆகவே சாலையில் இந்தக் குழந்தைகளுக்குக் கண்தான் காவல். ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று, தலையைத் திருப்பி வலம் இடம் பார்த்து, "வண்டி வருது", "வண்டி இல்லை", "போலாம்" என்று சொல்லிவிட்டு நடப்பதை வீட்டுக்கு அருகில் உள்ள சந்திலேயே நாள்தோறும் பழக்க வேண்டும். பழகிய பிறகும் கையை விடக் கூடாது. ஆனால் வயது வந்ததும் இது தானாக வந்துவிடும் என்று காத்திருந்தால் வராது. நடத்திப் பழக்கினால்தான் வரும்.

வியாசர்பாடி வாசகி

அக்கா, நான் காது கேளாதவள். ஐந்து வயதில் காதுக்கருவி அணிந்தேன். பேசுகிறேன், உதடு பார்த்துப் புரிந்துகொள்கிறேன், சைகை மொழியும் பேசுகிறேன். இங்கே அனைவரும் பெற்றோராகவும் ஆசிரியராகவும் எழுதுகிறீர்கள். அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளையாக நான் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் என்னை எல்லா இடங்களுக்கும் அழைத்துப் போனார்கள். காணும் பொங்கலுக்கு மெரினா, தீவுத்திடல் பொருட்காட்சி, மகாபலிபுரம் என எதையும் விட்டதில்லை. அதற்காக என் பெற்றோருக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் வேன் நிறையச் சிரிப்பு எழும். நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார். அந்த அப்புறம் வந்ததே இல்லை. எங்கே போகிறோம், ஏன் நின்றோம், சித்தப்பா ஏன் கோபித்துக்கொண்டு இறங்கினார், எதற்காகத் திரும்புகிறோம் என எதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. காது கேட்கும் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலேயே பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு உலகத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். எங்களுக்கு அந்த வழி கிடையாது. ஒவ்வொன்றையும் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. கடலைக் காட்டினால் மட்டும் போதாது. அக்கா, உங்கள் மகளிடம் "மாமா டிக்கெட் வாங்கப் போயிருக்கார்" என்பதைக்கூடச் சொல்லுங்கள். பேருந்து திடீரென்று நின்றால் மாடு குறுக்கே வந்தது என்று சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியுமா என்று யோசிக்காதீர்கள். கேட்கும் பிள்ளைக்கு யாரும் அப்படி யோசித்துவிட்டுப் பேசுவதில்லை.

அதற்குச் சைகை எவ்வளவு உதவும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காசிமேட்டு அண்ணன் நான்கு அடையாளங்கள் வைத்திருக்கிறார். அவற்றை நானூறாக்கினால் பையனால் கடலில் நின்றபடியே கதை பேச முடியும். கருவி கழற்றிய நேரத்தில், ரயில் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும், திருமண மண்டபத்தின் மறுகோடியிலிருந்து கைகளால் பேசலாம். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியைக் காணொளிகளாக வெளியிட்டிருக்கிறது. கைப்பேசியிலேயே பார்த்துக் கற்கலாம். நடுச்சாலையில் சைகை செய்தால் பிறர் பார்ப்பார்களே என்று தயங்காதீர்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பெரம்பூர்த் தாய்

தங்கையின் பதிவைப் படித்து நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. எங்கள் பயிற்சி மையத்தில் சைகை காட்டவே கூடாது, காட்டினால் குழந்தை கேட்பதை விட்டுவிட்டுக் கையையே பார்ப்பாள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். உதட்டைப் பார்க்காமல் கேட்க, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசச் சொல்கிறார்கள். நீச்சல் குளத்தில் கருவியைக் கழற்றியதும் என் மகள் திகைத்துப்போய் என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அப்போதும் நான் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டுமா?

கேட்புப் பயிற்றுநர்

வேண்டியதில்லை. இம்பிளான்ட் பொருத்திய தொடக்க ஆண்டுகளில் விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளப் போதிய வாய்ப்புத் தர வேண்டும் என்பதே அந்த அறிவுரையின் நோக்கம். செவிநரம்பு வழியாக வரும் புதிய ஒலியை மூளை இளவயதில்தான் எளிதாகப் பழகிக்கொள்கிறது. காப்பீட்டுத் திட்டம் இந்த அறுவை சிகிச்சையை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வழங்குவதும் அதனால்தான். ஆனால் கருவி இல்லாத நேரத்தில் குழந்தை மொழியே இல்லாமல் இருக்க வேண்டும் என்று எந்த நல்ல ஆசிரியரும் சொல்ல மாட்டார். என்னோடு பணிபுரிபவர்களிலேயே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. வாய்மொழிப் பயிற்சியிலேயே தோய்ந்தவள் நான். ஆயினும் வியாசர்பாடித் தங்கை எழுதியதைப் படித்த பிறகு, சொல்லப்படாமல் விட்டுப்போவது எவ்வளவு என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. சொல்லிக் கேட்க வையுங்கள். கேட்கவில்லை என்றால் காட்டுங்கள். காட்டிய பின் மறுபடியும் சொல்லுங்கள்.

இராயபுரம் அத்தை

என் தம்பி மகள் எங்களோடுதான் வளர்கிறாள், ஐந்து வயது. வெளியே போவதற்கு முதல் நாளே எங்கள் வீட்டில் வேலை தொடங்கிவிடும். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாளைய பயணத்தைக் கட்டம் கட்டமாக வரைவோம்: வீடு, ஆட்டோ, ரயில், புலி, சோறு, ரயில், வீடு, தூக்கம். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதும் அதில் இருக்கும். "நாளைக்கு" என்பது இந்தப் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. இரவில் தூங்குவது போல ஒரு படம் வரைந்து அதன் பிறகு ரயிலை வரைந்த பிறகுதான் எங்கள் குழந்தை உடனே செருப்பை மாட்டிக்கொண்டு அழுவதை நிறுத்தினாள். மறுநாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மடித்துக்கொண்டே வருவாள். திரும்பியதும் பயணச்சீட்டு, சிப்பி, ஐஸ் குச்சி, கோயில் விபூதிப் பொட்டலம் என எது கிடைத்ததோ அதை ஒரு நோட்டில் ஒட்டி, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே கீழே எழுதிவிடுவோம். பேசப் புதிதாகப் பொருள் கிடைக்கவில்லையே என்று கவலைப்படும் நாட்களில் அந்த நோட்டைப் பிரித்தால் மாலை முழுவதும் ஓடிவிடும்.

வீட்டுப் பெரியவர்களை இதில் இழுத்துவிடுவது நல்லது என்று சொல்வேன். எங்கள் அம்மாவும் முதலில் உங்கள் மாமியாரைப் போலத்தான் தடுத்தார்கள். நோட்டில் ஒட்டும் வேலையை அவர்களிடம் விட்ட பிறகு, அடுத்து எங்கே போகலாம் என்று அவர்களே கேட்கிறார்கள்.

இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிகம் நடக்காமல் தொடங்க மெட்ரோ நல்லது. 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. உங்கள் தண்டையார்பேட்டை நிலையம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஏறி வடக்கே சென்றால் சற்று நேரத்தில் சுரங்கத்தை விட்டு ரயில் மேலே ஏறும். இருட்டு, வெளிச்சம், கீழே, மேலே என்ற சொற்களை எல்லாம் நாங்கள் அந்த ரயிலில்தான் கற்றுக்கொடுத்தோம். சுரங்கத்தில் இரைச்சல் அதிகம், மேலே வந்ததும் பேச்சு தெளிவாகக் கேட்கும். அந்த வேறுபாட்டையும் அவளே கவனித்துக் காதைத் தொட்டுக் காட்டினாள்.

1856-இல் திறக்கப்பட்ட எங்கள் இராயபுரம் ரயில் நிலையத்தின் பெரிய தூண்களுக்குப் பக்கத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒளிந்து பிடித்து விளையாடலாம். தண்டவாளத்துப் பக்கம் மட்டும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். நாள் முழுவதும் செல்வதானால் வண்டலூர். கடற்கரை நிலையத்தில் செங்கல்பட்டு செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால் மாறாமல் போய்விடலாம். செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை. சிங்கத்தின் உறுமல் தாழ்ந்த ஒலி. அதை நெஞ்சிலேயே உணர்ந்து என் மருமகள் என்னைக் கட்டிக்கொண்டாள். பறவைக் கூண்டுகளின் அருகே நெடுநேரம் நின்றும் கிளி கத்துவது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். கிளி கத்துகிறது என்று அலகு திறப்பதைக் காட்டினேன்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா? சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. நடத்துநர் ஒருவர் குழந்தை நடக்கிறதே, பிறகு என்ன என்று கேட்டார்; அட்டையைக் காட்டியதும் பேசாமல் சீட்டுக் கொடுத்தார்.

திருவொற்றியூர்த் தாத்தா

சாலையைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் இராயபுரத்து அம்மா சொன்ன மெட்ரோவுக்கு நான் எதிரி அல்லன். அதில் வந்தால் தேரடியில் இறங்கித் தியாகராசர் கோயிலுக்கு வந்துவிடலாம். ஒன்று சொல்கிறேன். திருவிழா நாளில் முதல் முறையாக அழைத்து வராதீர்கள். கூட்டம் இல்லாத ஒரு காலைப் பொழுதில் வந்து, பிராகாரத்தைச் சுற்றி நடக்க வைத்து, வடிவுடையம்மன் சன்னதி எங்கே, குளம் எங்கே, செருப்பு விடும் இடம் எங்கே என்று பழக்குங்கள். பழகிய இடத்தில் கூட்டம் வந்தால் பிள்ளை மிரளாது. மாசிப் பெருவிழாவின்போது தவிலுக்குப் பக்கத்தில் நிற்காமல் மாட வீதியில் சற்றுத் தள்ளி ஏதாவது திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். என் பேரன் தவில்காரர் அனுமதியோடு அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து வீட்டில் ஒரு பாத்திரமும் தப்பவில்லை.

தொலைந்துவிடும் அச்சத்துக்கு: காணும் பொங்கலன்று மெரினாவில் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்களே, அதை நாங்கள் எல்லா நாளும் செய்கிறோம். எண்ணுக்குக் கீழே "காது கேட்காது, முகம் பார்த்து மெதுவாகப் பேசவும்" என்று எழுதியிருக்கிறோம். எங்களைக் காணவில்லை என்றால் ஓடாமல் அதே இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்றும் பழக்கியிருக்கிறோம்.

தண்டையார்பேட்டைத் தாய்

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும். எல்லாப் பதிவுகளையும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா அவர்கள் எழுதியதைக் கேட்டதும், தன் பேச்சை ஒருவராவது புரிந்துகொண்டாரே என்று ஆறுதல் அடைந்தார். மெட்ரோவில் போவதற்குத் தடை சொல்லவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை தேரடி வரை போய், கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம். கடற்கரை அதன் பிறகு. "அப்புறம் சொல்றேன்" என்று வியாசர்பாடித் தங்கை எழுதியிருந்த வரியை மாமியார் மறுபடியும் படிக்கச் சொன்னார். எதுவும் பேசவில்லை. இரவு உணவின்போது நானும் அவரும் ரேஷன் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, குழந்தையின் பக்கம் திரும்பி, சர்க்கரை தீர்ந்துபோனதை அவளிடம் கையை விரித்துச் சொன்னார்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு என்ன சொல்வீர்கள்? தோளில் சாயும்போதெல்லாம் காயில் கழன்று விழுகிறது; கூட்டத்தில் விழுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

வியாசர்பாடி வாசகி

அக்கா, கேள்வி கேட்பவர்கள் பலரும் கெட்டவர்கள் அல்லர். "இது இவள் கேட்பதற்கு உதவும் கருவி, நீங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால் பேசுவாள்" என்று சொல்லி அவர்களையே அவளிடம் பேச வைத்துவிடுங்கள். குழந்தையை நடுவில் நிறுத்திக்கொண்டு அவள் தலைக்கு மேலே நீங்கள் இருவரும் அவளைப் பற்றிப் பேசாதீர்கள். அது எங்களுக்குத் தெரியும். பாவம் என்று உச்சுக்கொட்டுபவர்களிடம் நின்று பேச வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பூங்காவில் மற்றப் பிள்ளைகள் கேட்டால் அவளே காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டட்டும். நான் என் மோல்டைக் காட்டித்தான் தோழிகளைச் சேர்த்தேன்.

காசிமேட்டு அப்பா

காயில் அடிக்கடி விழுந்தால் காந்தத்தின் வலிமை குறைவாக இருக்கலாம். அடுத்த மேப்பிங்கின்போது (கருவியின் ஒலி அளவுகளைச் சரிசெய்யும்போது) கேளுங்கள். வலிமையை நீங்களாகக் கூட்ட வேண்டாம், தோல் சிவந்து புண்ணாகிவிடும். விழுந்தாலும் தொலையாமல் இருக்கக் கருவியோடு வரும் கிளிப் கயிற்றை மாட்டி, மறுமுனையைச் சட்டையின் பின்கழுத்தில் பொருத்துங்கள். கயிறு குட்டையாக இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி வரும் நீளத்தில் எதையும் கட்டாதீர்கள். ஊஞ்சலிலோ சறுக்குமரத்திலோ மாட்டிக்கொள்ளும். எங்கள் தெரு தையல்காரர் பையனின் சட்டைகளில் எல்லாம் பின்கழுத்துப் பட்டையில் சிறு துணி வளையம் ஒன்று வைத்துத் தைத்துக் கொடுத்தார். கிளிப்பை அதில் மாட்டிவிட்டால் எவ்வளவு ஓடினாலும் கழல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சட்டையிலாவது தைத்துவிடுங்கள்.